நரி ஊற்றுக்குப் போன வழி

பெனிக்னா என்றால் சாந்தமானவள் என்று அர்த்தமாம். பெயர் வைத்த பாதிரியார் நான் வளர்ந்த பிறகு என்னைப் பார்த்ததில்லை. உருபம்பா சதுக்கத்தில் பதினாறு வருஷமாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். பன்னிரண்டு ஆம்பிளை டிரைவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பொம்பளை. சாந்தமாக இருந்திருந்தால் வண்டியை எப்போதோ விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சதுக்கத்தில் வந்து நின்ற மனிதருக்கு எழுபது வயசிருக்கும். நல்ல தோல் பூட்ஸ், சாம்பல் நிறத் தொப்பி, கக்கத்தில் ஒரு நீலக் கோப்பு. சுற்றிப்பார்க்க வருகிறவன் கேமரா கொண்டுவருவான், தண்ணீர் பாட்டில் கொண்டுவருவான். கோப்பு எதற்கு? எங்கள் ஆட்கள் "மொராய்! மாராஸ்! ஒல்லாந்தாய்தாம்போ!" என்று சுற்றுலா இடங்களின் பெயரைத் தொண்டை கிழியக் கத்த, அவர் அதைக் காதில் வாங்காமல் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க எந்த ஊருங்க?"

என்னிடமும் கேட்டார். "வாய்ராபம்பா," என்றேன்.

"அப்ப உங்க வண்டியிலயே போகலாம். இன்னிக்கு முழுக்க."

பள்ளத்தாக்கைச் சுற்றிப்பார்க்க டிரைவருடைய ஊர் எதற்கு? அதுவும் எங்கள் ஊர், அதுவும் அந்த வாரம்.

அந்த வாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு மேலே புறா ஊற்று இருக்கிறது. நாற்பத்திரண்டு குடும்பத்தின் மக்காச்சோளமும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. என் காலத்துக்கு முன்பு ஊரே பண்ணை முதலாளியுடையது. நாங்கள் 'பெரிய வீடு' என்போம். எழுபத்திரண்டில் நிலச் சீர்திருத்தம் வந்து நிலத்தைப் பிரித்தபோது, எல்லையில் சிலுவை வெட்டிய கல் ஒன்றை நட்டார்கள். கல்லுக்குக் கீழே ஊற்றும் வயலும் எங்களுக்கு. கல்லுக்கு மேலே கொஞ்சம் பாறை நிலம் பெரிய வீட்டுக்கு. இப்போது பெரிய வீட்டின் வாரிசுகள் லிமாவிலிருந்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஊற்று அவர்களுடையதாம். கல்லை நாங்கள் பிற்பாடு திருட்டுத்தனமாக நட்டுக்கொண்டோமாம். அந்தக் காலத்து வரைபடம் அலுவலகத்தில் எலி தின்று போயிற்று. கல் நட்டதைப் பார்த்த எங்கள் ஆட்கள் எல்லோரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை நீதிபதி நேரில் வந்து பார்க்கப்போகிறார். இந்த வருஷம் தண்ணீர்க் கமிட்டித் தலைவி யார் என்றால், நான்தான்.

போன மாதம் ஊர்க்கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். வெளியாள் எவன் வந்து புறா ஊற்றைக் கேட்டாலும் நரி ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நரி ஊற்று இன்னும் ஒரு மணி நேரம் மேலே, பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வழுக்கையன் தலைமயிர் மாதிரி தண்ணீர் சொட்டும். அளக்க வருகிறவன் அதையே அளந்து, அதையே படம் பிடித்துக்கொண்டு போகட்டும். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வண்டியில் ஏறியதும் பெயரைக் கேட்டேன். "லிசாந்த்ரோ," என்றார். அதற்குமேல் குடும்பப் பெயர் வரவில்லை. பெயரை முழுசாகச் சொல்லாதவனிடம் பையை விட்டுவிட்டுப் போகாதே என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

முதலில் மொராய். வட்டம் வட்டமாகப் படிக்கட்டு வயல் இறங்கும் அந்தக் குழியைப் பார்த்து ஜெர்மன்காரர்களும் ஜப்பான்காரர்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இவர் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் எங்கள் மலை தெரிகிறதல்லவா, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பாக்க வேண்டியது இந்தப் பக்கம்," என்றேன்.

"பாத்துட்டேன்மா, பாத்துட்டேன்."

எங்கே பார்த்தார்? தலையைக்கூடத் திருப்பவில்லை.

மாராஸ் உப்புப் பாத்திகளுக்கு இறங்கும் வழியில் அவருடைய போன் அடித்தது. லிமாவிலிருந்து ஒரு பெண் குரல், காதைக் கிழித்தது. இவர் ஸ்பானிஷில் மெல்லத்தான் பேசினார். ஆனால் என் வண்டியில் நான் கேட்காத பேச்சு கிடையாது. "இல்ல, நான் கையெழுத்துப் போடல... செவ்வாய்க்கிழமைக்கு முன்னால அந்தத் தண்ணிய நான் கண்ணால பாத்தாகணும். நுவெஸ்த்ரா தண்ணிதானே, பாக்கக்கூடாதா?"

நுவெஸ்த்ரா! ஸ்பானிஷ் ஓர் அரைகுறை பாஷை. நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் அதில் ஒரே சொல்தான். 'நம்ம தண்ணீர்' என்கிறானா, 'எங்க தண்ணீர், உங்களுக்குக் கிடையாது' என்கிறானா என்று சொல்கிறவனுக்கே தெரியாது. எங்கள் கெச்சுவாவில் அந்தக் குழப்பமே இல்லை. கேட்கிறவனைச் சேர்த்தால் ஒரு சொல், வெளியே நிறுத்தினால் இன்னொரு சொல். சேர்த்தானா தள்ளினானா என்று வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். அந்தக் கிழவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லிமாக்காரி, கையெழுத்து, செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊற்றை விழுங்க வந்த வாய் என் வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மதியத்துக்கு எஸ்த்தெபானியா அக்கா வீட்டில் நிறுத்தினேன். வாசல் கம்பில் சிவப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால் சீச்சா என்கிற மக்காச்சோளக் கள் காய்ச்சி வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். பெரிய கண்ணாடித் தம்ளர் நிறைய ஊற்றிக்கொடுத்தாள். கிழவர் வாங்கினார். குடிப்பதற்கு முன்னால் தம்ளரைச் சாய்த்து இரண்டு சொட்டைத் தரையில் விட்டார். யோசிக்காமல், வாயைத் துடைத்துக்கொள்கிற மாதிரி. பூமித்தாய்க்கு முதல் சொட்டு. சுற்றுலாக்காரர்களும் செய்வார்கள், ஆனால் செய்துவிட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள், படம் எடுத்தீர்களா என்று.

"லிமாவுலயும் பூமிக்கு ஊத்துவீங்களா ஐயா?" என்றேன் ஸ்பானிஷில்.

"புத்தகத்துல போட்டிருந்துது," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கெச்சுவாவில் கேட்டாள்: "யாருடி இது? மொகறையப் பாத்தா வக்கீல் மாதிரி இருக்கு."

"வக்கீலோ, வக்கீலுக்கு வால் பிடிக்கறதோ. காலையிலேருந்து கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நின்னு நம்ம மலையவே பாக்குது."

"கோழி பிடிக்க வந்த நரி, கோழிக் கூண்டையா பாக்கும்? வானத்தப் பாக்கும்."

"பாக்கட்டும்க்கா. நரிய நரிகிட்டயே கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். கிழவர் மக்காச்சோளக் கதிரிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு எழுந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"உங்க ஊர்ல ஒரு ஊற்று இருக்காமே. புறா ஊற்றுன்னு. பாக்கலாமா?"

"அதுக்கென்ன ஐயா, தாராளமா பாக்கலாமே," என்றேன். தேன் ஒழுகப் பேசினேன். நான் அப்படிப் பேசினால் என் புருஷன் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவார்.

ஊருக்குள் நுழையாமல் மேல் பாதையில் ஏற்றினேன். வண்டி போகிறவரை போய், பிறகு நடை. செங்குத்தான ஏற்றம். எழுபது வயசு மனிதர் நாற்பது அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாரிசுக்கு மூச்சு வாங்கட்டும், நல்லது என்றுதான் நினைத்தேன்.

நரி ஊற்று வந்தது. பாறை இடுக்கில் பாசி, கீழே ஒரு வாளி அளவுக்குத் தேங்கிய தண்ணீர்.

"இதுதான் ஐயா. புறா ஊற்று."

அவர் தொப்பியைக் கழற்றினார். பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோப்பைத் திறந்து எதையோ படித்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இங்க ஒரு கல்லு இருக்கணுமே. இடுப்பு உயரம். சிலுவை வெட்டினது."

"இருந்துது ஐயா. எண்பத்தாறு பூகம்பத்துல உருண்டு ஓடையில விழுந்துடுச்சு."

"ஓ..." என்றார். "இங்க நின்னா கோயில் மணிக்கூண்டு தெரியும்னு எனக்கொரு ஞாபகம்."

"இந்த யூகலிப்டஸ் காட்டப் பாருங்க. இது வந்தப்புறம் எங்க தெரியுது?"

"தண்ணி ரெண்டு வாயில வரும். ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. சின்னதுல நாங்... அதுல குழந்தைங்க வாய வச்சுக் குடிப்பாங்க."

"எனக்குத் தெரிஞ்சு எப்பவும் ஒண்ணுதான் ஐயா. நான் பொறந்ததே இந்த ஊர்தான். சத்தியமாச் சொல்றேன்."

கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கடைசியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் தங்கச்சி சொல்றது சரிதான்," என்றார். "எனக்கு மறதி வந்துடுச்சு. இல்லாததெல்லாம் இருந்த மாதிரி தோணுது."

கோப்பிலிருந்த ஒரு தாளை எடுத்து, நாலாக மடித்து, இன்னும் சிறியதாக மடித்து, சட்டைப் பைக்குள் திணித்தார். படம்கூட எடுக்கவில்லை. 'ஜெயித்தாய் பெனிக்னா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறங்கும்போது அவருக்குக் கால் வழுக்கியது. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எல்லாம் முடிந்துவிட்ட தைரியத்தில் வந்த இரக்கம் அது. வண்டியில் உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பப் போனேன். அப்போது அவர் பேசினார், கெச்சுவாவில். கொக்கு, நரி, வால் பிடிக்கிறவன், எல்லாம் என் தலையில் இடி மாதிரி இறங்கியது. அதுவும் எப்படிப்பட்ட கெச்சுவா! எங்கள் ஊர்க் கிழவிகள் பேசுகிற பழைய கெச்சுவா.

"தாயி, நீ பயந்தது நடக்கல. உன் அக்காவுக்கும் சொல்லிடு, கொக்கு மீன் பிடிக்காமலே போயிடுச்சுன்னு."

சாவியைத் திருப்பாமல் அவர் பக்கம் திரும்பினேன்.

"நான் பெரிய வீட்டு மகன். கடைசி மகன். இத காலையில சொன்னா நீ வண்டியில ஏத்தியிருப்பியா?"

"கல்லால அடிச்சிருப்பேன்," என்றேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டிருந்தது போலும்.

சிரித்தார். "அண்ணனும் தங்கச்சியும் வழக்குல ஜெயிச்சு ஊற்ற விக்கப் பாக்கறாங்க. நானும் கையெழுத்துப் போடணும்கறாங்க. போட மாட்டேன்னேன். கல்லு நட்டப்ப எனக்குப் பதினாறு வயசு, நான் பக்கத்துலதான் நின்னேன். அண்ணன் படிக்கப் போயிருந்தான், தங்கச்சி தொட்டில்ல. சாட்சின்னா நான் ஒருத்தன்தான். திங்கட்கிழமை குஸ்கோவுல நோட்டரிகிட்ட குடுக்கலாம்னு அந்தத் தாள்ல எல்லாம் எழுதி எடுத்துக்கிட்டு வந்தேன். சத்தியம் பண்றதுக்கு முன்னால ஒரு தடவை கண்ணால பாத்துடுவோம்னு நெனச்சேன்."

நான் வெளியே பார்த்தேன். நம்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் நம்பவில்லை. பெரிய வீட்டுக்காரன் அழகாகப் பேசுவான். பேசிப் பேசித்தானே எங்கள் அப்பன் பாட்டனையெல்லாம் வேலை வாங்கினான். 'நாளைக்கு நாம உருளைக்கிழங்கு தோண்டுறோம்' என்பானாம். 'நாம இந்த வாய்க்காலை வெட்டுறோம்.' எல்லாம் நாம், நாம். தோண்டும்போது அவன் குதிரைமேல் இருப்பான். அவன் வாயில் 'நாம்' என்றால் 'நீங்கள்' என்று அர்த்தம் என்று என் அம்மா சொல்லுவாள்.

"எப்படி நம்பறது?" என்றேன்.

"நம்ப வேண்டாம் தாயி. எனக்கே என்னை நம்ப முடியல. ஆனா ஒண்ணு மட்டும் எப்படி மறக்கும்னுதான் தெரியல. எங்கப்பா வாழ்க்கை பூரா உங்ககிட்ட 'நாம'ன்னுதான் பேசுவாரு. அன்னிக்குக் கல்லு நட்டு முடிஞ்சதும் உங்க ஆளுங்க நாப்பது பேரு தொப்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவர் ஊற்றைக் காட்டி, 'இனிமே இந்தத் தண்ணியில நாங்க இல்ல'ன்னாரு. நாங்க! உங்களத் தள்ளி வச்ச 'நாங்க'. அந்தச் சொல்ல அவர் வாயால நான் கேட்டதே இல்ல. ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. அப்புறம் பின்னால நின்ன ஒரு பொம்பள ஓன்னு அழுதா. சந்தோஷத்துல."

சாவி என் கையில் அப்படியே இருந்தது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்ல முடியாது. வக்கீல் சொல்லிக்கொடுத்தும் சொல்ல முடியாது. ஸ்பானிஷில் யோசிக்கிறவனுக்கு அந்த இடமே புலப்படாது. வாழ்நாள் முழுக்க உள்ளே இழுத்துக் கட்டிப்போட்ட சொல்லை அவிழ்த்து, எங்களை ஒரு ஆள் வெளியே விட்ட கதை அது. அங்கே நின்றவனுக்கு மட்டும்தான் அது தெரியும். எங்களுக்கு ஒரு சாட்சி இருந்தார். அவரை மூச்சு வாங்க மலையேற்றி, மூன்று பொய்யும் ஒரு பொய்ச் சத்தியமும் சொல்லி, அவர் புத்தி கெட்டுவிட்டதென்று அவரையே நம்பவைத்திருக்கிறேன்.

என் வாழ்க்கையில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. "ஐயா, இறங்காதீங்க. அது புறா ஊற்று இல்ல," என்று கத்தினேன். அவருக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்காமல் வண்டியைத் திருப்பி, ஊருக்குள் கோழிகளைச் சிதறடித்துக்கொண்டு ஓட்டி, புறா ஊற்றின் பக்கத்தில் நிறுத்தினேன்.

இடுப்பு உயரக் கல். சிலுவை. இரண்டு வாய், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கீழே பார்த்தால் மணிக்கூண்டு பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தீங்களா? நீங்க சொன்னது எல்லாமே இருக்கு. நான்தான் பொய் சொன்னேன். உங்க புத்தி நல்லா இருக்கு ஐயா. என் புத்திதான் கெட்டுப்போச்சு."

அவர் கல்லைத் தொடவில்லை. தூரத்திலேயே நின்றார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். காலையிலிருந்து நான் அவரைப் பார்த்த மாதிரியே அவர் இப்போது என்னைப் பார்த்தார்.

"நான் மேல வச்சு என்ன சொன்னேன்? கல்லு, மணிக்கூண்டு, ரெண்டு வாய்."

"ஆமா ஐயா."

"கொஞ்ச நேரம் கழிச்சு அதே மூணையும் நீ காட்டற."

"இது எப்பவும் இங்கதான் இருக்கு!"

"இருக்கலாம். அங்கயும் 'சத்தியமாச் சொல்றேன்'னுதான் சொன்ன." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. "கல்லை நீங்களே நட்டதா எங்க வக்கீல் எழுதியிருக்கான். நான் அவன் மூஞ்சியிலேயே சிரிச்சேன், அவங்க அப்படிப்பட்டவங்க இல்லடான்னு. இப்ப நோட்டரி முன்னால கையத் தூக்கி, இதுதான் அந்தக் கல்லுன்னு எப்படிச் சொல்லுவேன்? எனக்கு ஞாபகம் இருக்குதா, இல்ல நீ காட்டினதுனால ஞாபகம் வருதா? எனக்கே தெரியலயே தாயி."

"அந்த 'நாங்க'? அது ஞாபகம் இருக்குதே!"

"சொல்லு ஞாபகம் இருக்கு. எடம்தான் போச்சு."

கெஞ்சினேன். என் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். சிறிய வாயில் குடித்துப் பாருங்கள், ருசி தெரியும் என்றேன். குனிந்தார், கையை நனைத்தார், குடிக்காமல் உதறிவிட்டார்.

"அவங்களுக்காகவும் நான் பொய் சொல்லல. உங்களுக்காகவும் சொல்ல மாட்டேன். தெரியாததத் தெரியும்னு சொன்னா அதுவும் பொய்தான்."

சதுக்கத்தில் இறக்கிவிட்டேன். தொப்பியைத் தூக்கி மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை குஸ்கோவில் நான் தெரிந்த நோட்டரி வாசல் எல்லாம் ஏறி இறங்கினேன். அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை நீதிபதி வந்தார். பெரிய வீட்டு வக்கீல் கறுப்புக் கண்ணாடியோடு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஊர் முழுக்க என் பின்னால் நின்றது.

"கல் நட்டதைப் பாத்த சாட்சி யாராவது உங்க பக்கம் இருக்காங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

இல்லை என்றிருக்கலாம். எல்லோரும் செத்துப்போனார்கள் என்று மனுவிலேயே எழுதியிருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒருத்தர் இருந்தாரு ஐயா," என்றேன். "அவர நான்தான் கெடுத்தேன்."

என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன், கைதட்டிய நாற்பத்திரண்டு குடும்பத்தின் முன்னாலேயே. நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். வக்கீல் சிரித்தான். நான் திரும்பி ஊரைப் பார்த்து நின்றேன்.